ஓடையில் எதை விடுவது, எதை வீட்டுக்குள் வைப்பது

கேள்வி இது. சிங்கப்பூரில் ஒரு வாசிப்புக் குழு, மாதம் ஒரு முறை வட்டார நூலகத்தில் கூடுகிறார்கள். இணையத்தில் இரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். ஒன்று கதை, கவிதை, கட்டுரை வெளியாகும் இதழ். இன்னொன்று, உறுப்பினர்கள் கூட்ட அறிவிப்பு போட்டு, படித்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குழுமம். போன மாதம் இதழில் வந்த ஒரு சிறுகதை முழுசாக வேறொரு தளத்தில், எழுதியவர் பெயர்கூட இல்லாமல் வந்துவிட்டது. இதழின் செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) வழியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். செயற்குழுவில் பாதிப் பேர் ஓடையையே மூடிவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் சுருக்கத்தை மட்டும் ஓடையில் வெளியிடலாம் என்கிறார்கள். எதைச் செய்வது?

இதழுக்கு முழுப் பதிவையும் ஓடையில் விடுங்கள். தயங்க வேண்டாம். கதை திருட்டுப் போனதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் குழுமத்தின் ஓடை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓடை என்பது உங்கள் தளத்தில் கடைசியாக வந்த சில இடுகைகளை, அலங்காரம் எல்லாம் கழற்றிவிட்டு, இன்னொரு கணினி படிப்பதற்கு ஏற்ற வடிவில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்எஸ்எஸ் ஒரு வடிவம். 2005 டிசம்பரில் இணையத் தரமாக வெளியான ஆட்டம் இன்னொரு வடிவம். எந்த வடிவமானாலும் வேலை ஒன்றுதான். பல தளங்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் வாசிப்பான் செயலிகளும் திரட்டிகளும் சில நிமிடங்களுக்கோ சில மணி நேரத்துக்கோ ஒரு முறை வந்து அந்தக் கோப்பைக் கேட்கும். புதிதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போய்த் தம் இடத்தில் சேமித்துக்கொள்ளும். சேமித்த பிறகு அந்தப் படி உங்கள் கையில் இல்லை. ஓடையின் அமைப்புகளைத் தொடுகிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழுமத்தில், தீபாவளிக்கு முந்தின வாரம் ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. புளோக் எண், மாடி, வீட்டு எண், அந்த அம்மாவின் கைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி இடுகையை ஏற்றினேன். ‘உறுப்பினருக்கு மட்டும்’ என்பதைத் தேர்வு செய்ய விட்டுப்போயிற்று. பத்து நிமிடத்துக்குள் கவனித்து மாற்றிவிட்டேன். தளத்தில் போய்ப் பார்த்தால் வெளியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து, எங்கள் யாருக்கும் அறிமுகமில்லாத ஒருவர் அந்த எண்ணுக்கு அழைத்து, கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் நல்லவர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மா தனியாக இருப்பவர். தன் வீட்டு எண் எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது என்னவென்றால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாசிப்பான் வந்து ஓடையை எடுத்துப் போயிருந்தது. நான் இடுகையை மறைத்ததும் அது ஓடையிலிருந்து காணாமல் போனது உண்மை. ஆனால் ஓர் இடுகை காணாமல் போவதை வாசிப்பான்கள் ‘அழி’ என்று புரிந்துகொள்வதில்லை. ஓடையில் எப்போதும் கடைசிச் சில இடுகைகள் மட்டுமே இருக்கும். பழையவை தாமாகவே கீழே நழுவி மறையும். அதனால் காணாமல் போனது எதுவும் பழசாகிப் போனது என்றே அவை எடுத்துக்கொண்டு, தம்மிடம் இருக்கும் படியைப் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. அழிக்கப்பட்ட இடுகையை ஓடையிலேயே அறிவிப்பதற்கென்று 2012இல் ஆட்டம் வடிவத்துக்கு ஒரு கூடுதல் விதி வந்தது. அதை மதித்து நடக்கும் வாசிப்பான்கள் அரிது.

இப்படி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது, நான் செய்ததற்கு நேர்மாறானது. இடுகையை உடனே மறைக்காதீர்கள், அழிக்காதீர்கள். அதே இடுகையைத் திருத்தி, எண்ணையும் முகவரியையும் எடுத்துவிட்டு, ‘கூட்ட விவரம் உறுப்பினருக்குத் தனியாக வரும்’ என்று ஒரு வரி எழுதிப் பொதுவிலேயே ஓரிரு நாள் விட்டுவையுங்கள். வாசிப்பான் அடுத்த முறை வரும்போது, அதே அடையாள எண் கொண்ட இடுகை வேறு உள்ளடக்கத்தோடு இருப்பதைப் பார்த்து, பெரும்பாலும் தன் பழைய படியின் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். அதன் பிறகு மறைத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் துடைத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் உடனே மறைத்தால் ஒரு இடத்திலும் துடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ‘அமைப்பு’ என்று சொல்வதில் பதிவு செய்யப்படாத சங்கங்களும் குழுக்களும் அடங்கும். ‘நாங்கள் சின்னக் குழுதானே’ என்பது காரணமாக நிற்காது. உறுப்பினரின் எண்ணை அவர் சம்மதமில்லாமல் பொதுவில் விட்டால் பொறுப்பு குழுவுக்குத்தான்.

ஆகவே குழுமத்தில் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு ஓடையுடையது அல்ல, புதிய இடுகையின் இயல்புநிலை. அது ‘உறுப்பினருக்கு மட்டும்’ என்று இருக்கட்டும். பொதுவில் விட விரும்புகிறவர் கையால் மாற்றட்டும். லைவ்ஜர்னல், ட்ரீம்விட்த் மாதிரியான வலைப்பதிவு இடங்களில் பொது இடுகைகள் மட்டுமே பொது ஓடையில் வரும், ஆகவே இது ஒன்றே பெரிய வேலியாகிவிடும். அதே இடங்களில், கடவுச்சொல் கொடுத்துப் பூட்டிய இடுகைகளையும் ஓடையாகப் பெறும் வழி ஒன்று உண்டு. உறுப்பினர் அந்தக் கடவுச்சொல்லை இணையவழி வாசிப்பான் ஒன்றில் கொடுத்தால், பூட்டிய இடுகையின் படி அந்த நிறுவனத்தின் கணினியில் போய் உட்காரும். சொந்தக் கைபேசியிலேயே சேமிக்கும் செயலியில் மட்டும் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் குழுமம் வைத்திருந்தால் இரண்டு இடத்தில் தடுக்கி விழ வாய்ப்பு இருக்கிறது. கடவுச்சொல் போட்ட இடுகையின் உள்ளடக்கம் ஓடையில் போகாது, தலைப்பு போகும். ‘மாலதி அக்காவுக்கு அறுவை சிகிச்சை, உதவி தேவை’ என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே பூட்டியதில் என்ன பயன்? இரண்டாவது, மறுமொழிகளுக்கென்று தனி ஓடை ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். இடுகைக்கு எத்தனையோ கவனம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதை மறந்தே போகிறார்கள். பொது இடுகையின் கீழே யாராவது ‘நான் வர முடியாது, பையனுக்கு டெங்கி’ என்று எழுதினால் அதுவும் பெயரோடு ஓடையில் போகும். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று அமைப்பில் குறி வைத்திருப்பது ஓடையைத் தடுக்காது. அது வேறு, இது வேறு.

இனி இதழுக்கு வருவோம்.

முழுப் பதிவா, சுருக்கமா என்ற வழக்கு தமிழ் வலைப்பதிவு உலகுக்குப் பழசு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி ஓடைகளைக் கொண்டுதான் நம் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. எங்கெங்கோ உட்கார்ந்து எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது அப்படித்தான். 2013 ஜூலை 1இல் கூகுள் ரீடர் என்ற வாசிப்பான் மூடப்பட்ட பிறகு ஓடைகள் செத்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். சாகவில்லை. வலையொலி (பாட்காஸ்ட்) கேட்கிறீர்கள் என்றால், அதன் ஒவ்வொரு நிகழ்ச்சியும் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆர்எஸ்எஸ் வழியாகத்தான்.

சுருக்கம் தமிழுக்கு என்ன செய்கிறது என்று ஒரு முறை உங்கள் ஓடையைத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸில் சுருக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், அதுவாகவே முதல் 55 சொற்களை வெட்டிக் கொடுக்கும். வெட்டும்போது வடிவமைப்புக் குறிகளை எல்லாம் உரித்துவிடும். கட்டுரைக்குப் பெரிய சேதம் இல்லை. கவிதைக்கு? இப்படி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள்:

ஜூரோங் பேருந்தில்
தூங்குகிறான் தொழிலாளி
மடியில் சோற்றுப் பை
இன்னும் சூடாக

சுருக்கத்தில் இது இப்படி வரும்: ‘ஜூரோங் பேருந்தில் தூங்குகிறான் தொழிலாளி மடியில் சோற்றுப் பை இன்னும் சூடாக’. தூங்குகிறவன் தொழிலாளியா, தொழிலாளி மடியில் யாரோ தூங்குகிறானா? வரி உடைப்பு போனதும் கவிதை போய்விட்டது. கவிஞர் பார்த்தால் நொந்துபோவார். நோவதில் நியாயம் இருக்கிறது.

சொல் கணக்கில் வெட்டுவது பரவாயில்லை என்று சொல்லும்படி, எழுத்துக் கணக்கில் வெட்டும் நிரல்களும் இருக்கின்றன. பழைய திரட்டிகள் பலவும், கையால் எழுதிய தளங்கள் சிலவும் அப்படித்தான். நமக்கு ‘தமிழ்’ என்பது மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (சேமிப்பு அலகு), ஆக 15 பைட். நான்கு குறியீட்டோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். 13ஆம் பைட்டிலோ 14ஆம் பைட்டிலோ வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் எழுதிய நிரலுக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். அந்தக் கணக்கு நம் மொழிக்குப் பொருந்தாது. தமிழ் எழுத்தைக் கணினியிலும் இணையத்திலும் ஒழுங்காக வைப்பது எப்படி என்று பேச 1997 மே மாதம் எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட்’97 மாநாட்டைக் கூட்டியது இதே சிங்கப்பூரில்தான். அவர் 1999இல் காலமானார். புள்ளி இல்லாமல் நிற்கும் ‘தமிழ’வை ஓடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

முழுப் பதிவையும் ஓடையில் விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது வாசகர். உங்கள் வாசகரில் வயதானவர்கள் இருப்பார்கள். வாசிப்பான் செயலியில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணி நிறத்தைக் கண்ணுக்கு இதமாக மாற்றி, முடியாதபோது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள். சுருக்கத்தைக் கொடுத்து ‘மேலும் படிக்க’ என்று விரட்டினால், அந்த வசதியை விட்டுவிட்டு உங்கள் தளத்தின் சின்ன எழுத்துக்கு வர வேண்டும். பலர் வர மாட்டார்கள். இதழில் விளம்பரம் இல்லை என்கிறீர்கள். பிறகு வருகைக் கணக்கு எதற்கு? படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே வெளியிடுகிறோம்.

திருட்டுக்குச் சுருக்கம் மருந்தாகாது. ஓடையில் கிடைக்காவிட்டால் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், கூடுதலாக இரண்டு வரி நிரல் எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தானாகவே எடுத்து ஒட்டும் நிரல்கள் எதையும் படிப்பதில்லை என்பதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஓடையில் போகும் ஒவ்வொரு இடுகையின் கடைசியிலும் எழுதியவர் பெயர், இதழின் பெயர், மூலப் பக்கத்தின் சுட்டி மூன்றும் தானாகச் சேரும்படி செய்யுங்கள். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இதற்கென்றே ஓடை அடிக்குறிப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. வேர்ட்பிரஸில் செருகுநிரல் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வழியாகச் செய்யலாம். அடுத்த முறை அந்தத் தளம் கதையை எடுத்தால் பெயரையும் சேர்த்தே எடுத்து ஒட்டும். அதைச் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தினமும் தேட வேண்டியதில்லை. மூலச் சுட்டிக்கு வந்து சேரும் வாசகர்களே காட்டிக்கொடுப்பார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையைத் தனியாகத் தருகிறது. ஓடை விட்டிருப்பது மறுபதிப்புக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. அந்தத் தளத்துக்கு மரியாதையாக ஒரு மடல், பதில் வராவிட்டால் அதற்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாடு. கதையை எழுதியவரே எழுதினால் இன்னும் நல்லது. உரிமை அவருடையது, குழுவுடையது அல்ல.

எழுதியவர் பெயர் என்றதும் ஒரு சங்கதி. பல இதழ்களில் எல்லாவற்றையும் ஆசிரியரே ஏற்றுவதால் ஓடையில் எல்லாக் கதைக்கும் அவர் பெயரோ ‘நிர்வாகி’ என்றோ போகிறது. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கணக்கு உருவாக்கி, காட்சிப் பெயரைத் தமிழில் வைத்து, இடுகையை அவர் பெயரில் ஏற்றுங்கள். ஆர்எஸ்எஸ் 2.0 விதிப்படி ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் எதிர்பார்க்கப்படுவது பெயர் அல்ல, மின்னஞ்சல் முகவரி. நல்ல மென்பொருள்கள் வேறொரு குறியில் பெயரை மட்டும் போடும். கையால் செய்த தளமாக இருந்தால் கட்டாயம் பாருங்கள், எழுத்தாளர்களின் மின்னஞ்சல்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கக்கூடும்.

எத்தனை இடுகை என்ற எண்ணிக்கையை ஏறக்குறைய யாரும் தொடுவதில்லை. வேர்ட்பிரஸில் அது இயல்பாக 10. மாதம் நான்கு கதை வெளியிடும் இதழுக்குப் பத்து தாராளம். குழுமத்துக்குப் போதாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது பாருங்கள், ஒரே நாளில் பதினைந்து நிகழ்ச்சி அறிவிப்பு வரும். இரண்டு முறை எடுப்பதற்கு இடையில் பதினைந்து ஏறினால், பத்துதான் வாசிப்பானின் கையில் சிக்கும். நடுவில் ஐந்து வந்ததே தெரியாமல் போய்விடும். உங்கள் அறிவிப்பைப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ளும் உறுப்பினர் உண்மையிலேயே பார்க்காமல் இருந்திருக்கலாம். பொது அறிவிப்புகளின் ஓடைக்கு 30 வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும்தான், கோப்பு ஒன்றும் பெருத்துவிடாது.

நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றியிருக்கிறீர்களா? உலகப் பொது நேரத்திலேயே விட்டிருந்தால், காலை 7 மணிக்கு வெளிவரட்டும் என்று முன்கூட்டி வைத்த பொங்கல் சிறப்பிதழ் மாலை 3 மணிக்குத்தான் வெளிவரும். முன்கூட்டி நேரம் குறித்து வெளியிடும் பழக்கத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டுப் பிறகு பிழை திருத்தினால், பிழையோடு கூடிய முதல் வடிவம் ஓடையில் ஏற்கெனவே போயிருக்கும்.

பிரிவுகளுக்குத் தனித்தனி ஓடை உண்டு என்பதைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள். சிறுவர் பகுதியை மட்டும் விரும்புகிறவர் அதன் ஓடையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தாய்மொழிப் பாடத்துக்கு வாரம் ஒரு கதை தேடும் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. இதை உங்கள் முகப்பில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

தளத்தை இடம் மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் அடுத்ததைப் படியுங்கள். ஒவ்வொரு இடுகைக்கும் ஓடையில் ஒரு நிலையான அடையாளம் இருக்கும். அது மாறினால் வாசிப்பான் எல்லாவற்றையும் புதிது என்று நினைத்து, ஐந்து வருடத்துக்கு முந்தின கதையையும் படிக்காததாகக் காட்டும். இடம் மாறினாலும் அந்த அடையாளங்களை அப்படியே கொண்டு போங்கள், பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம் வையுங்கள். இடுகையின் முகவரியையும் வெளியிடும் முன்பே சின்னதாக, ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ வைத்துவிடுங்கள். தமிழில் விட்டால், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ‘%E0’ என்பது போல மூன்று இடம் எடுப்பதால், ஒவ்வொரு குறியீடும் ஒன்பது இடம் பிடிக்கும். ‘சிங்கப்பூர்’ என்ற ஒரு சொல்லே 99 இடம். வேர்ட்பிரஸ் 200க்கு மேல் வெட்டிவிடும். அரைகுறையாக நிற்கும் முகவரியைப் பிறகு யாராவது சரிசெய்யப் போய்ச் சுட்டிகள் உடையும்.

ஓடையை மூடினால் நம் எழுத்தை யாரும் சேமித்து வைக்க முடியாது என்று உங்கள் செயற்குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தளம் ‘.எஸ்ஜி’ முகவரியில் இருந்தால், 2019 ஜனவரி 31 முதல் தேசிய நூலக வாரியம் அனுமதி கேட்காமலே அதைத் தன் இணையக் காப்பகத்தில் சேர்க்கச் சட்டப்படி இடமுண்டு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். இருபது வருடம் கழித்து இந்தத் தீவில் தமிழில் என்ன எழுதினார்கள் என்று தேடும் பிள்ளைக்கு உங்கள் இதழ் கிடைக்கும். பொதுவில் வைத்தது பொதுவானதுதான்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, குழுமத்தின் இடுகை ஓடையையும் மறுமொழி ஓடையையும் உலாவியில் திறந்து, மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படியுங்கள். முன்பின் தெரியாதவர் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து படிப்பது போலப் படியுங்கள். ஏதாவது எண், முகவரி, பிள்ளைகளின் பெயர் கண்ணில் பட்டால், நான் மேலே சொன்னபடி திருத்தி, ஓரிரு நாள் விட்டு, பிறகு மறையுங்கள். சம்பந்தப்பட்டவருக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் வேறொருவர் மூலம் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.